மலையடிவாரப் பூங்கா

நாம் எங்கே போகிறோம்?

திருப்பதிக்குப் பலமுறை போயிருப்பீர்கள். முடி காணிக்கை கொடுத்திருப்பீர்கள். சாமி கும்பிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பியிருப்பீர்கள். ஒருமுறையாவது நின்று அந்த மலையைப் பார்த்தீர்களா?

இந்தப் பாடத்தில் மலையைப் பார்க்கப் போகிறோம். இம்முறை மலை ஏறப் போவதில்லை. அடிவாரத்தில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அதன் பெயர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா. ஊரில் 'ஜூ பார்க்' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.

திருப்பதி முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர் தூரம். வழியில் சந்திரகிரி வரும். அங்கே பழைய கோட்டை இருக்கிறது. சந்திரகிரியைத் தாண்டும்போதே இடது பக்கம் மலை தெரியத் தொடங்கும். நீளமான மலை. மேலே தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் பாறைச் சுவர் போல் நிற்கும்.

அதுதான் சேஷாசலம். ஆதிசேஷன் படுத்திருப்பது போல் இருப்பதால் இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தமிழில் இதற்கு வேங்கடம் என்று பெயர். பழந்தமிழ் நூல்கள் இதைத் தமிழ்நாட்டின் வட எல்லை என்று சொல்கின்றன.

பல்கலைக்கழகத்தைத் தாண்டி

பூங்காவுக்குப் போகும் முன் இன்னொரு இடத்தைப் பார்ப்போம். அது ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். மலையின் காலடியில் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

அதற்கு முன் ராயலசீமைப் பகுதிக்கு என்று தனியாகப் பல்கலைக்கழகம் இல்லை. இன்று இங்கே ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கிறார்கள். விவசாயிகளின் பிள்ளைகள் படிக்கிறார்கள். கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பெண்களுக்கு என்று தனிப் பல்கலைக்கழகமும் திருப்பதியில் உண்டு. அதன் பெயர் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். அது 1983-இல் தொடங்கியது.

வாசலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருக்கும். நின்று படியுங்கள். "இது படித்தவர்கள் இடம், நமக்கு என்ன வேலை?" என்று தயங்க வேண்டாம். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் நடக்கிறது. எழுதப் படிக்கக் கற்ற பெரியவர்கள் அதில் சேரலாம். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு அளவில் தேர்வு எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பும் எழுதலாம்.

மலைக்கு வயது என்ன?

பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்று மலையை உற்றுப் பாருங்கள். அடியில் ஒருவிதப் பாறை. மேலே வேறுவிதப் பாறை. அடியில் இருப்பது கருங்கல். மேலே இருப்பது மணல் இறுகி உண்டான கல்.

மலை உச்சியில் மணல் எப்படி வந்தது? வெகு காலத்துக்கு முன் இந்த இடத்தில் ஆழமில்லாத கடல் இருந்தது. கடலடியில் மணல் படிந்தது. அடுக்கு அடுக்காகப் படிந்தது. மேலே உள்ள அடுக்கின் பாரம் கீழே உள்ள அடுக்கை அழுத்தியது. மணல் இறுகிக் கல் ஆனது. பிறகு நிலம் உயர்ந்தது. கடல் விலகியது. மணல் கல்லாகி மலை மேல் நின்றுவிட்டது.

இந்தக் கல்லின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அப்போது பூமியில் மனிதர் இல்லை. மரம் இல்லை. புல்கூட இல்லை.

திருமலைக்குப் போனால் கோயிலுக்குச் சற்று வடக்கே 'சிலாதோரணம்' என்ற இடம் உண்டு. கல்லால் ஆன தோரண வாசல் அது. யாரும் உளி கொண்டு செதுக்கவில்லை. மழையும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்ததால் அப்படி ஆனது. இப்படிப்பட்ட இயற்கை வளைவுகள் நம் நாட்டில் மிகவும் அரிது.

பூங்காவுக்குள்

அலிபிரியிலிருந்து மலை ஓரமாகவே மேற்கே ஒரு சாலை போகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஊர். அந்தச் சாலையில்தான் பூங்கா இருக்கிறது.

பூங்கா 1987-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பரப்பு 5,532 ஏக்கர். உங்கள் ஊர் ஏரி 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட 55 ஏரிகளைச் சேர்த்தால் இந்தப் பூங்கா அளவு வரும். ஆசியாவின் பெரிய உயிரியல் பூங்காக்களில் இது ஒன்று. இதில் பெரும்பகுதி காடாகவே இருக்கிறது. ஒரு பகுதியில் மட்டும் விலங்குகளை வைத்திருக்கிறார்கள்.

சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, மான், மயில் என்று பலவற்றைப் பார்க்கலாம். சர்க்கஸில் பார்ப்பது போல் இல்லை. மரமும் புதரும் பாறையும் உள்ள திறந்த இடத்தில் அவை நடமாடும். நடுவே பள்ளமும் வேலியும் இருக்கும். நடக்க நிறைய தூரம் உண்டு. காலையிலேயே போனால் வெயில் தெரியாது. விலங்குகளும் அந்த நேரத்தில்தான் நடமாடும். மதியம் நிழலில் படுத்துவிடும்.

பூங்காவுக்குப் பின்னால் உள்ள மலைக்காடு இன்னும் பெரியது. சேஷாசலக் காட்டில் 353 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஆகும். அதற்கு 1989-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். 2010-இல் சேஷாசலம் முழுவதும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஆந்திராவில் இதுதான் முதல் உயிர்க்கோளக் காப்பகம். அங்குள்ள செடி, கொடி, விலங்கு, பறவை, மண், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பது இதன் பொருள்.

ஏன் இவ்வளவு அக்கறை? வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாத உயிர்கள் இங்கே இருக்கின்றன.

பொன்னிறப் பல்லி என்று ஒன்று உண்டு. ஈரமான பாறை இடுக்கில் வாழும். ஆண் பல்லி பொன் போல் மஞ்சளாக மின்னும். பெண் பல்லி பாறையின் நிறத்தில் இருக்கும்.

தேவாங்கு உண்டு. 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று சொல்வோம் அல்லவா? அந்தத் தேவாங்குதான். பெரிய கண், மெலிந்த கை கால். பகலில் தூங்கும். இரவில் பூச்சி பிடித்துத் தின்னும்.

ஈச்சமரம் போன்ற ஒரு சிறு மரம் உண்டு. இது சைகஸ் என்ற மிகப் பழைய இனத்தைச் சேர்ந்தது. இந்த வகை, கிழக்கு மலைத்தொடரின் இந்தப் பக்கத்தில் மட்டும்தான் வளர்கிறது. உலகில் வேறு எந்த மலையிலும் தானாக வளர்வதில்லை.

பலகையைப் படியுங்கள்

எழுத்து கற்ற நமக்குப் பூங்காவில் ஒரு வேலை இருக்கிறது. பலகைகளைப் படிப்பது.

கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் விலங்கின் பெயர் இருக்கும். என்ன தின்னும், எங்கே வாழும் என்று எழுதியிருக்கும். இன்னொரு வகைப் பலகை உண்டு. 'வேலியைத் தாண்டாதீர்கள்', 'தீனி போடாதீர்கள்', 'கல் எறியாதீர்கள்' என்று எழுதியிருக்கும். இந்த இரண்டாம் வகைதான் மிக முக்கியம்.

2024 பிப்ரவரியில் இந்தப் பூங்காவில் ஒரு துயரம் நடந்தது. பார்க்க வந்த ஒருவர் தடுப்பைத் தாண்டிச் சிங்கம் இருந்த இடத்துக்குள் இறங்கிவிட்டார். சிங்கம் தாக்கியது. அவர் இறந்துபோனார். தடுப்பு வைத்திருப்பது அழகுக்காக அல்ல. நம் உயிருக்காக.

தீனி போடுவதும் தவறுதான். "பாவம், பசிக்குமே" என்று குரங்குக்கு முறுக்குப் போடுகிறோம். மானுக்கு பிஸ்கெட் போடுகிறோம். அது அவற்றின் உணவு அல்ல. வயிறு கெட்டு நோய் வரும். பிளாஸ்டிக் காகிதத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டால் செத்துப்போகும். பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, கத்தித் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது ஆகிய எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

திருப்பதியில் பல பலகைகள் தெலுங்கில் இருக்கும். தெலுங்கு எழுத்து தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். சில தெலுங்குச் சொற்களைக் காதால் கேட்டுப் பழகிக்கொள்வதும் நல்லது.

பிரவேசம் லேது – உள்ளே வரக் கூடாது
ஜாக்ரத்த – எச்சரிக்கை
நிஷேதம் – தடை
தாரி – வழி
மஞ்சி நீளு – நல்ல தண்ணீர்

செம்மரமும் கூலியும்

பூங்காவிலும் மலைச் சரிவிலும் ஒரு மரத்தைப் பார்க்கலாம். அதன் பட்டை கறுத்திருக்கும். முதலைத் தோல் போல வெடித்து வெடித்து இருக்கும். ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று இலைகள். மஞ்சள் பூ பூக்கும். அதுதான் செம்மரம்.

செம்மரத்தை நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள். எங்கே? மரப்பாச்சி பொம்மையில்! நவராத்திரிக் கொலுவில் முதலில் வைக்கும் ஆண் பொம்மை, பெண் பொம்மை நினைவிருக்கிறதா? திருப்பதியிலிருந்து வாங்கி வந்த பொம்மை என்றால் அது பெரும்பாலும் செம்மரம்தான்.

சந்தன மரத்துக்கு மணம் உண்டு. செம்மரத்துக்கு மணம் இல்லை. ஆனால் உள்ளே சிவந்த வைரம் பாய்ந்திருக்கும். நன்றாக முற்றிய கட்டை தண்ணீரில் மிதக்காது. கல் போல் மூழ்கிவிடும். அவ்வளவு கனம். ஒரு மரம் அப்படி வைரம் பாயப் பல பத்து ஆண்டுகள் ஆகும். தாத்தா காலத்தில் முளைத்த கன்று பேரன் காலத்தில்தான் முற்றும்.

இந்த மரம் கடப்பை, சித்தூர், திருப்பதி, நெல்லூர் பக்கத்து மலைகளில்தான் தானாக வளர்கிறது. வெளிநாட்டில் இதற்கு நல்ல விலை. சீனாவில் மேசை, நாற்காலி செய்கிறார்கள். ஜப்பானில் இசைக்கருவி செய்கிறார்கள். அதனால் திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்துகிறார்கள்.

வெட்டுபவர் யார்? பெரும்பாலும் ஏழைக் கூலிகள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களிலிருந்து வருபவர்கள் பலர். கடத்தி விற்பவர் யார்? பணக்காரர். அவர் காட்டுக்குள் வருவதில்லை. பிடிபடுவது கூலி. சிறைக்குப் போவது கூலி. உயிரை விடுவதும் கூலிதான்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். மரம் வெட்டியவர்கள் தாக்க வந்ததால் சுட்டோம் என்று போலீசார் சொன்னார்கள். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. எப்படி இருந்தாலும் 20 குடும்பங்கள் ஆதரவை இழந்தன.

கீழே உள்ள உரையாடலை வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து படியுங்கள். நடித்தும் காட்டலாம்.

மேஸ்திரி: தம்பி, நல்ல வேலை இருக்கு. நாளைக்கே கிளம்பணும்.

தொழிலாளி: என்ன வேலைண்ணே?

மேஸ்திரி: மரம் வெட்டுற வேலை. இங்கே ஒரு மாசம் சம்பாதிக்கிறதை அங்கே நாலு நாளிலே சம்பாதிக்கலாம். இந்தா, முன்பணம் பிடி.

தொழிலாளி: எந்த ஊருண்ணே?

மேஸ்திரி: ஊரெல்லாம் உனக்கு எதுக்கு? வண்டியிலே ஏறு. நாங்க கூட்டிட்டுப் போறோம்.

மனைவி: ஊர் பேரைச் சொல்லுங்கண்ணே. நோட்டிலே எழுதிக்கிறேன். முதலாளி பேரு, போன் நம்பர் எல்லாம் சொல்லுங்க.

மேஸ்திரி: என்னம்மா இது? போலீஸ் மாதிரி கேக்குறே?

மனைவி: எங்க வீட்டு ஆளை அனுப்புறோம். கேக்காம எப்படிண்ணே?

மேஸ்திரி: இதெல்லாம் எழுதக் கூடாதும்மா.

மனைவி: எழுதக் கூடாத வேலைன்னா எங்களுக்கு வேண்டாம்ணே. முன்பணத்தை நீங்களே வெச்சுக்குங்க.

இந்த மனைவி செய்தது சரியா? பேசிப் பாருங்கள். வெளியூர் வேலைக்கு யார் கூப்பிட்டாலும் நான்கு விவரங்களை எழுதி வாங்குங்கள். எந்த ஊர்? என்ன வேலை? யார் முதலாளி? எவ்வளவு கூலி? அதன் ஒரு நகலை வீட்டில் வையுங்கள். படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள்.

யாராவது வழக்கில் மாட்டிக்கொண்டால் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஏழைகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த உரிமை உண்டு. இதற்கான போன் எண் 15100.

மலை கொடுக்கும் தண்ணீர்

பூங்கா பார்த்த பிறகு கபில தீர்த்தம் போகலாம். அது மலையடிவாரத்தில், ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சிவன் கோயில் உண்டு. மழைக் காலத்தில் மலை மேலிருந்து அருவி நேராகக் குளத்தில் விழும். வெயில் காலத்தில் மெலிந்துவிடும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழை மலை மேல் பெய்கிறது. மரத்தின் இலை மழையின் வேகத்தைத் தடுக்கிறது. கீழே கிடக்கும் சருகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. வேர் வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. பாறை இடுக்குகளில் தங்குகிறது. பிறகு ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. மழை நின்ற பிறகும் ஓடைகளில் தண்ணீர் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

மரம் இல்லாத மலையில் என்ன ஆகும்? மழைத் தண்ணீர் நிற்காது. மண்ணையும் அடித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். அன்றைக்கு வெள்ளம். மறு மாதம் வறட்சி.

திருப்பதிக்கும் திருமலைக்கும் குடிநீர் கொடுக்கும் கல்யாணி அணை இந்தக் காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. சொர்ணமுகி ஆறு இந்தப் பக்கத்து மலைகளில் தோன்றி, திருப்பதி, காளஹஸ்தி வழியாகக் கடலுக்குப் போகிறது. வழியில் எத்தனையோ ஊர்களின் கிணறுகளுக்கு அதுதான் ஊற்று.

2021 நவம்பரில் இங்கே பெருமழை பெய்தது. கபில தீர்த்தத்தில் அருவி சேற்று நிறத்தில் பெருக்கெடுத்தது. மலைப்பாதையில் பாறையும் மண்ணும் சரிந்தன. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அவ்வளவு பெரிய மழையை மரம் மட்டும் முழுவதும் தடுத்துவிட முடியாது. ஆனால் காடு இருந்தால் சேதம் குறையும். ஓடையை அடைத்து வீடு கட்டாமல், ஏரியை மேடாக்காமல் இருந்தால் இன்னும் குறையும்.

குப்பையும் சிறுத்தையும்

குப்பைக்கும் சிறுத்தைக்கும் என்ன தொடர்பு?

நாம் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் காட்டு ஓரத்தில் எறிகிறோம். அதைத் தின்ன நாய் வருகிறது, பன்றி வருகிறது. நாயையும் பன்றியையும் பிடிக்கச் சிறுத்தை வருகிறது. சிறுத்தைக்குக் காட்டுக்குள் மான் பிடிப்பது கடினம். நாயைப் பிடிப்பது எளிது. ஆகவே அது மனிதர் நடமாடும் இடத்துக்கே வந்து பழகிவிடுகிறது.

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படி வழி உண்டு. சுமார் 3,550 படிகள். 2023 ஜூன் மாதம் அந்த வழியில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது. அவன் பிழைத்துக்கொண்டான். ஆகஸ்ட் மாதம் இரவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை இழுத்துச் சென்றது. அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகு வனத்துறையினர் கூண்டு வைத்துச் சில சிறுத்தைகளைப் பிடித்தார்கள்.

சிறுத்தையைப் பிடித்தால் மட்டும் போதாது. மிச்சச் சோற்றை எறியும் வரை இன்னொரு சிறுத்தை வரும். ஆகவே கொண்டு போன பொருளின் மிச்சத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். காட்டு வழியில் பிள்ளைகளை முன்னே ஓட விடாதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

தீயும் அப்படித்தான். கோடையில் சருகு காய்ந்து கிடக்கும். அணைக்காமல் எறிந்த ஒரு பீடி போதும். 2014 மார்ச்சில் திருமலைக் காட்டில் பெருந்தீ பிடித்தது. அணைக்க ஹெலிகாப்டர்களும் வர வேண்டியதாயிற்று.

போகும் முன் கவனிக்க

1. பூங்காவுக்கு வார விடுமுறை உண்டு. எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.
2. தண்ணீரைப் பாத்திரத்திலோ சொந்த பாட்டிலிலோ கொண்டு போங்கள்.
3. துணிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.
4. பீடி, சிகரெட், தீப்பெட்டி வேண்டாம்.
5. பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் பெயரும் போன் எண்ணும் எழுதி வையுங்கள்.
6. செடி, பூ, கல், கட்டை எதையும் எடுத்து வராதீர்கள்.
7. பாம்பு கடித்தால் வாயால் உறிஞ்ச வேண்டாம். கத்தியால் கீற வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.
8. வேறு ஆபத்து என்றால் 112.

நினைவில் வையுங்கள்

மலை கோயிலுக்கு மட்டும் சொந்தம் அல்ல. அரசுக்கு மட்டும் சொந்தம் அல்ல. அங்கே விழும் மழைதான் நம் கிணற்றில் ஊறுகிறது. அங்கே நிற்கும் மரம் நம் பேரப் பிள்ளைகளுக்கும் வேண்டும். பார்க்கப் போவோம். பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல், எதையும் போடாமல் திரும்புவோம்.

புதிய சொற்கள்

அடிவாரம் – மலையின் கீழ்ப்பகுதி
உயிரியல் பூங்கா – விலங்குகளையும் பறவைகளையும் பாதுகாத்து, மக்களுக்குக் காட்டும் இடம்
உயிர்க்கோளக் காப்பகம் – உயிர்கள், மண், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துக் காக்கும் பெரிய நிலப்பகுதி
வைரம் – மரத்தின் நடுவில் உள்ள முற்றிய பகுதி
கடத்தல் – சட்டத்துக்கு மாறாகப் பொருளைக் கொண்டு போவது
ஊற்று – நிலத்திலிருந்து தானாக வெளிவரும் தண்ணீர்

விடை எழுதுங்கள்

1. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் எந்த ஆண்டு தொடங்கியது?
2. மலை உச்சியில் மணற்கல் எப்படி உண்டானது?
3. பூங்காவில் தீனி போடக் கூடாது. ஏன்?
4. மரப்பாச்சி பொம்மை எந்த மரத்தில் செய்வது?
5. மழை நின்ற பிறகும் மலை ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. எப்படி?
6. வெளியூர் வேலைக்குப் போகும் முன் கேட்டு எழுத வேண்டிய நான்கு விவரங்கள் எவை?

கணக்குப் போடுங்கள்

உங்கள் மையத்திலிருந்து 20 பேர் பூங்காவுக்குப் போகிறீர்கள். பஸ் செலவு போக வர ஒருவருக்கு 200 ரூபாய் என்றும், நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 50 ரூபாய் என்றும், மதியச் சாப்பாடு ஒருவருக்கு 60 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு மொத்தச் செலவு எவ்வளவு?
20 பேருக்கு எவ்வளவு?
ஐந்து மாதத்தில் இந்தப் பணத்தைச் சேர்க்க வேண்டும் என்றால், ஒருவர் மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

(விடை: 310 ரூபாய், 6,200 ரூபாய், 62 ரூபாய்)

செய்து பாருங்கள்

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மலை, குன்று, ஏரி, தோப்பு ஏதாவது ஒன்றுக்குக் குழுவாகப் போங்கள். அதன் பெயர் என்ன, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அங்கே உள்ள ஐந்து மரங்களின் பெயரை எழுதுங்கள். அந்த இடத்தைக் காக்க ஒரு பலகை வைத்தால் அதில் என்ன எழுதுவீர்கள்? இரண்டு வரியில் எழுதி, மையத்தின் சுவரில் ஒட்டுங்கள்.